நாற்பத்தொரு எக்ஸ் கதிர்த் துகள்கள்

மணியைக் கையில் வைத்துக்கொண்டு என் நாவுக்கு நேரம் பார்க்கும் அவைத் தலைவர் அவர்களே! அறிவாலும் அனுபவத்தாலும் இந்த அவையை நிறைத்திருக்கும் ஆன்றோர்களே! வீட்டு வேலையை விட்டுவிட்டு விண்மீன் கதை கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் வாசலிலேயே நிற்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

ஒரு விண்மீன் எப்படிச் சாகிறது? நம் சூரியனைப் போன்ற விண்மீன், முதுமையில் தன் மேனியை மெல்ல மெல்ல உதிர்க்கிறது. உதிர்ந்தது ஒளிரும் முகிலாகச் சூழ்ந்து நிற்கிறது. அதற்குக் கோள் நெபுலா என்று பெயர். எந்தக் கோள் என்கிறீர்களா, ஐயா? எந்தக் கோளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிறு தொலைநோக்கியில் கோளைப் போல வட்டமாகத் தெரிந்ததால், பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. நடுவில் எஞ்சிய விண்மீன் அடங்கிக் கிடக்கிறதா? இல்லை! சீறுகிறது! அதன் வேகக் காற்று மோதி மோதி, முகிலுக்குள்ளே இருபது லட்சம் டிகிரியில் ஒரு குமிழி கொதிக்கிறது. அந்தக் கொதிப்பு எக்ஸ் கதிராகப் புறப்படுகிறது.

அப்படியொரு நெபுலாவில் அதைத்தான் எங்கள் குழு தேடியது. செயற்கைக்கோளில் உள்ள எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அனுப்பிய தரவைச் சுத்தம் செய்தவர் ஓர் அம்மையார், ஒப்பந்தப் பணியாளர். 'எதுவும் இல்லை' என்று அறிக்கை போனால் திட்டம் முடியும். அவர் வேலையும் முடியும். அந்த அறிக்கையில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்த குழுத் தலைவன் நான்.

எக்ஸ் கதிர் கருவியில் துகள் துகளாகத்தான் பதியும்; அதில் ஆற்றல் குறைந்த துகள்களைத் தள்ளிவிடுவது எங்கள் வழக்கம். கருவியின் சொந்த இரைச்சல், அதாவது பொய்ப் பதிவுகள், அங்கேதான் குவியும். அந்த எல்லையை வகுத்தவனும் நானே. பத்தாண்டுகளாக எல்லா விண்மீனுக்கும் அதே சல்லடை!

"சார், தள்ளி வச்சதை ஒரு தடவை பாத்துட்டுக் கையெழுத்து போடுங்க."

"குப்பையில என்னம்மா இருக்கப் போகுது?"

"குப்பைன்னா படம் முழுக்கச் சிதறித்தானே கிடக்கணும்? இது ஏன் சார் குமிழிக்குள்ள மட்டும் கூட்டம் கூடியிருக்கு?"

பேனாவை மூடினேன். திரையில் விரல் வைத்து இருவரும் எண்ணினோம். குமிழிக்குள் நாற்பத்தொன்று! வெளியே அதே அளவு இடத்தில் மூன்றே மூன்று! இருபது லட்சம் டிகிரி வாயு தருவதே ஆற்றல் குறைந்த கதிர்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்! பாடம் நடத்தியிருக்கிறேன்! பழக்கம் படிப்பை விழுங்கிவிட்டது. மூவாயிரம் ஆண்டு பயணம் செய்து வந்த விருந்தாளியை வாசலில் வைத்து விரட்டியிருக்கிறேன். உமியைப் புடைப்பதாக நினைத்து நெல்லைப் புடைத்துத் தள்ளியிருக்கிறேன். வெட்கப்பட்டேன் பெரியோர்களே, அதைவிட அதிகமாக மகிழ்ந்தேன்!

அறிக்கையைக் கிழித்தோம். புதியதை எழுதினோம். தொலைநோக்கியில் பார்க்கும் நேரம் மீண்டும் எங்களுக்குக் கிடைத்தது. திட்டமும் இரண்டாண்டு நீண்டது. புதிய அறிக்கையில் முதல் பெயர் அவருடையது. தவறு யாருடையது என்று மூன்றாம் பக்கத்தில் என் பெயரோடு எழுதியிருக்கிறேன்.

அதோ, நான்காம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவர்தான். எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். பரவாயில்லை அம்மா, நீங்கள் அமர்ந்தே இருங்கள். அவையோரே, நாம் எழுந்து நிற்போம்! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி; வணக்கம்.