நூற்றாறு டிகிரி

என் பெயர் உக்கிரபாண்டி, வயது 20, த/பெ மொக்கைச்சாமி. ஸ்ரீவில்லிபுத்தூர் கீழத்தெரு 14-ஆம் எண் வீட்டில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவன். வரும் திங்கட்கிழமை அப்பா என்னை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சேர்ப்பதாகவும், அதற்குள் உருப்படியாக ஒன்று செய்து காட்டினால் மில்லுக்கு அனுப்பாமல் விட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

வெளிநாட்டில் இரண்டு பேர் ஜாடித் தண்ணீரில் கரண்ட் விட்டு, சூரியனில் நடப்பதுபோல அணுவோடு அணுவைச் சேர்த்துச் சூடு எடுத்ததாகவும், மற்றவர்கள் அதைப் பொய் என்பதாகவும் பேப்பரில் படித்தேன். அதன் பின் ஊறுகாய் ஜாடியில் போர்வெல் தண்ணீர் ஊற்றி, கார் பேட்டரியும் அம்மாவின் வெள்ளி மெட்டியும் இணைத்து எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டி வைத்தேன். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் நூற்றாறு காட்டியது.

13.5.1989 காலை பத்து மணிக்கு அப்பா முன்னிலையில் அதைக் காட்டியபோது, நான் சாட்சிக்கு அழைத்திருந்த காலேஜ் லேப் அட்டெண்டர் பொன்னுராஜ், "ஏலே, அணுவாவது ஒண்ணாவது! செவுத்துக்கு அந்தப் பக்கம் சமுத்திரம் அண்ணாச்சி பால்கோவா கிண்டுதாருலே" என்றான். அப்பா சிரித்தார். அதன் பின் நான் சுவர் ஏறிக் குதித்து, சமுத்திரத்தின் அடுப்பில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். வாணலியில் பால் பாதி சுண்டியிருந்தது.

அதன் பின் ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தோம். அப்போதும் நூற்றாறு. "இப்ப என்னலே சொல்லுத?" என்று பொன்னுராஜின் சட்டையைப் பிடித்தேன். அப்பா எழுந்து நின்று என் முதுகில் தட்டினார். அதுவரை அவர் தட்டியதில்லை.

அந்நேரம் சமுத்திரத்தின் மனைவி பரிபூரணம் பால் கெட்டதற்குச் சண்டை போட வந்தவர், தெர்மாமீட்டரைப் பிடுங்கி, "கூறுகெட்டவனே, ஒருக்கா ஏறுனா அது தானா எறங்காது. உதறிட்டுல்லா வைக்கணும்! மூணு பிள்ளைக்குக் காச்சல் பாத்தவ சொல்லுதேன்" என்று மூன்று முறை உதறி ஜாடிக்குள் வைத்தார். தொண்ணூற்றாறு. அப்பா செருப்பைத் தேடினார், போட்டுக்கொள்வதற்கல்ல.

சமுத்திரம் கொடுத்த புகாரில் உள்ளபடி அடுப்பை அணைத்துப் பாலைக் கெடுத்தது நான்தான். ஜாடியில் இருந்த சூடு சமுத்திரத்துடையது. அப்பா ஜாமீனுக்கு வெளியே நிற்பதாக அறிகிறேன். எனக்கு ஜாமீன் வேண்டாம். திங்கட்கிழமை மில்லில் முதல் ஷிப்ட் முடியும்வரையாவது என்னை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். தெர்மாமீட்டர் விஷயம் உள்பட எல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்) மொ. உக்கிரபாண்டி