மாற்று ஆள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுப் பக்கம் யாரும் வேண்டாம்.

நம் பேட்டரிக் கடைக்காரருக்கு ஒரு சித்தப்பா. லாரி டிரைவர். சித்தி போன பிறகு கிளீனரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. திட்டுவதானாலும் கொஞ்சுவதானாலும் அவருக்கு அந்த லாரிதான்.

நள்ளிரவு தாண்டிய நேரம். புதுச் சாலையில் விபத்து என்று வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். சித்தப்பா பழைய சாலையில் இறங்கினார். ஆள் அரவமில்லை. மூடுபனி வேறு...

தூரத்தில் சிவப்பாக ஒரு வெளிச்சம். கிட்டே போனால்... ஆள். முதுகைக் காட்டியபடி, லாந்தரைத் தூக்கிப் பிடித்து நடுச்சாலையில் நடக்கிறார். சித்தப்பா ஹாரன் அடித்தார். ம்ஹூம். விலகவே இல்லை.

நீராவியில் ஓடும் குதிரையில்லா வண்டிகள் புதிதாக வந்த காலத்தில், சில நாடுகளில், வண்டிக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு, இருட்டினால் லாந்தரோடு, நடக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. சித்தப்பாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? லாரியை நிறுத்தினார். இறங்கி ஓடி, கூடவே நடந்தார்.

"அண்ணே, ஓரமாப் போங்க. எவனாவது ஏத்திட்டுப் போயிருவான்."

"ஓரமாப் போகக் கூடாது. வண்டிக்கு முன்னாடி ஆள் நடக்கணும்."

கோபம் வரவேண்டிய இடம். ஆனால் அந்தக் குரல்... பல நாளாக யாரோடும் பேசாத தொண்டை. அது எப்படி இருக்கும் என்று சித்தப்பாவுக்குத் தெரியும்.

"எப்பலேர்ந்துண்ணே நடக்குறீங்க?"

"மாத்தி விடறேன்னாங்க. ஆளே வரலை."

சரளையில் செருப்புச் சத்தம். சரக்... சரக்... ஒரு ஜோடிதான்.

"கால் கடுக்குது தம்பி. கொஞ்சம் பிடிக்கிறியா?"

பாவம் என்றுதான் வாங்கினார். கைப்பிடி சில்லென்றிருந்தது. மண்ணெண்ணெய் வாடை. "எனக்கும் வீட்டுல யாருமில்லண்ணே..." என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்.

பக்கத்தில் யாருமில்லை.

விடிந்ததும் பால் வண்டிக்காரர்தான் பார்த்தார். லாரி எங்கேயோ நிற்கிறது. சித்தப்பா வெறுங்கையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்துகொண்டே இருக்கிறார்.

கடைக்காரர் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். பகலெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், பிள்ளைகளோடு சிரிக்கிறார். இருட்டினால் கட்டில் காலி.

ஒரு ராத்திரி கடைக்காரர் பின்னாலேயே போனார். பின்தெரு முடிந்ததும் அந்தப் பழைய சாலை தொடர்கிறது. அதன் நடுவில் சித்தப்பா.

"சித்தப்பா, வீட்டுக்கு வாங்க. நாங்கல்லாம் இருக்கோம்ல?"

"நீ ஓரமாப் போடா. வண்டி வருது."

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஆனால் சத்தம்... இரும்புச் சக்கரம் கல்லை அரைக்கிற சத்தம். நற... நற... ரொம்பப் பக்கத்தில்.

சித்தப்பாவின் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

சத்தமும் நின்றது.

கடைக்காரரின் பிடரியில், குப்பென்று, கொதிக்கக் கொதிக்க நீராவி அடித்தது.