எங்கள் வழக்கு ஸ்டாக்டனுக்கே திரும்பட்டும்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவி பெர்லிட்டா அவர்களே, அஸ்பாரகஸ் வயலில் முதுகு வளைந்தும் முதலாளி முன் வளையாத பெரியவர்களே, இடுப்பில் பிள்ளையோடு பின்வரிசையில் நிற்கும் தாய்மார்களே, கிடங்கில் என்னோடு நின்று கால் கடுத்த தோழர்களே, வணக்கம்.

ஒரே கேள்விக்காகக் கூடியிருக்கிறோம். நம் கூலி வழக்கு எங்கே நடக்க வேண்டும்? இங்கே ஸ்டாக்டனில், நான்கு தெரு தள்ளியிருக்கும் மாநில நீதிமன்றத்திலா? ஐம்பது மைல் தாண்டி, சாக்ரமெண்டோவில் இருக்கும் மத்திய அரசின் நீதிமன்றத்திலா?

வேலை முடிந்து அட்டை தேய்த்த பிறகும் பை சோதனைக்கு இருபது நிமிடம் நிற்கிறோம். யாருக்காக நிற்கிறோம்? கம்பெனிக்காக. கூலி உண்டா? இல்லை. நம் கருவாட்டு டப்பாவைத் திறந்து காவலாளி மூக்கைப் பொத்துகிறானே, அதற்கு மட்டும் அவனுக்குச் சம்பளம் உண்டு. (சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான்.) அதற்குள் என் மகளின் காப்பகம் பூட்டும் நேரம் வந்துவிடுகிறது.

நிற்கிற நேரமும் வேலை நேரமே என்கிறது கலிபோர்னியா சட்டம். மத்தியச் சட்டமோ அதைக் கணக்கிலேயே கொள்வதில்லை. ஆனாலும் நம் மனுவில் மத்தியச் சட்டத்தின் பேரில் ஒரு பத்தி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் கம்பெனி வழக்கைச் சாக்ரமெண்டோவுக்கு இழுத்துப் போனது. சாட்சி சொல்லும் ஒன்பது பேரில் ஆறு பேருக்கு மாலையில் இன்னொரு வேலை. அத்தனை தூரம் எத்தனை நாள் போவார்கள்? சாட்சி இல்லாமல் வழக்கு நிற்குமா? அதனால்தான் அந்தப் பத்தியை அடித்துவிடுவோம் என்கிறேன்.

நாம் எல்லோரும் அண்ணன் என்று, நம் பிலிப்பினோ மொழியில் குயா என்று, அழைக்கும் செலசோ அங்கிருந்து கேட்கிறார்: "பெரிய சட்டத்தை எதுக்கும்மா அடிக்கணும்? ரெண்டும் இருந்தா பலம்தானே?"

நானும் அப்படித்தான் நினைச்சேன், குயா. நேற்று வக்கீல் ஹகோப்பியன் அம்மாவிடம் கேட்டேன். "அந்தப் பத்திய எடுத்துட்டா அந்தக் கோர்ட்டுக்கு இதுல வேலையே இல்ல. கேஸ திருப்பி அனுப்பித்தான் ஆகணும்" என்றார்.

அந்தப் பத்தி எப்படி வந்தது? எந்த மனுவையும் எல்லோர் முன்னும் வாசித்து, கை தூக்கிய பிறகே அனுப்புவது நம் சங்கத்தின் வழக்கம். படித்தவள் என்று நம்பி என்னிடம் எழுதக் கொடுத்தீர்கள். நீங்கள் கை தூக்கிக் கலைந்த பிறகு, கூடுதல் கனம் இருக்கட்டும் என்று நானே சேர்த்தேன். வாசிக்காமல் சேர்த்தேன். வக்கீலும் நீங்கள் ஒப்பியதாகவே எண்ணினார்.

இப்போது அந்தப் பத்தியை நீக்கிய மனுவை வாசிக்கப் போகிறேன். முழுவதும் கேளுங்கள், குறுக்கே கேளுங்கள், பிறகு கை தூக்குங்கள். உங்கள் கைகளை எண்ணி முடித்த பிறகே என் கையைத் தூக்குவேன்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம்.