முள் நுனி வெளியே

ரப்பர் மீனைத் தூண்டில் முள்ளில் கோர்க்கும்போது அவசரப்படக் கூடாது, றுஷ்னா. முள் நடு முதுகில் நேராக வர வேண்டும். கொஞ்சம் சரிந்தாலும் தண்ணீருக்குள் பம்பரம் மாதிரிச் சுற்றும், நூல் முறுகிப் போகும். நேராக வந்தால் வாலை ஆட்டி ஆட்டி, உயிருள்ளது மாதிரி ஓடும். இருங்கள், அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன். ரயில் போகிற சத்தம் இப்போதெல்லாம் எனக்கு ஆகவில்லை.

என் தம்பி இன்ஸாபுக்குப் பொறுமை கிடையாது, அது உங்களுக்கே தெரியும். கோர்ப்பதெல்லாம் நான்தான். பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி இழுத்துப் பார்ப்பேன். சரிந்து ஓடினால் கழற்றித் திரும்பக் கோர்ப்பேன்.

"ராத்தா, கடையில வாங்கின ரப்பருக்கு நீங்கதான் உயிர் குடுக்கிறீங்க," என்பான்.

"நீ பிடிச்சிட்டு வாற பாரைய வெட்டிக் கழுவுறதும் நான்தான்டா," என்பேன்.

வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கடலோரம் முழுக்கக் கல். அங்கே முள் நுனியை வெளியே விடவே கூடாது, ரப்பரின் முதுகுக்குள் ஒளித்துவிட வேண்டும். அப்போதுதான் கல்லில் மாட்டாது. மீன் கடித்தால் மட்டும் ரப்பரைக் கிழித்துக்கொண்டு நுனி வெளியே வரும்.

உங்கள் வாப்பா கல்கிசையிலிருந்து வந்து கலியாணம் பேசிப் போன பிறகு எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நம் ஆட்களில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போவது வழக்கம்தானே, உங்கள் மீது குற்றமில்லை. உம்மா மௌத்தானதிலிருந்து அவனை வளர்த்தது நான். என்னைக் கேட்டு வந்தவர்களையெல்லாம் அவனுக்காகத்தான் திருப்பி அனுப்பினேன். அவன் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொல்கிறான்:

"கல்கிசை என்ன தூரமா? வெள்ளிக்கிழமயில வருவேன் ராத்தா."

வெள்ளிக்கிழமையில். விருந்தாளி மாதிரி.

அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு. நான் முள் நுனியை வெளியே விட்டுக் கோர்த்தேன். ஈயத்தையும் கனமாகப் போட்டேன், அடியில் போய் மாட்டட்டும் என்று. மாட்டினால் இன்ஸாப் நூலை அறுக்க மாட்டான். ராத்தா கோர்த்தது என்று இறங்கி எடுத்து வருவான், எப்போதும் அப்படித்தான். வழுக்கி ஒரு கால் முறிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கால் முறிந்தவனுக்குக் கஞ்சி ஊட்ட ராத்தாதானே வேண்டும்.

நானும் கூடப் போனேன். மாட்டியது. தூண்டில் கோலை என் கையில் தந்துவிட்டு இறங்கினான். அலை அவனைக் கல்லோடு அடித்தது. கால் முறிந்துதான் இருக்கும். ஆனாலும் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ராத்தா, அந்த ஆக்களக் கூப்பிடுங்க."

பக்கத்துக் கல்லில் தூண்டில் போட்டவர்கள் கூப்பிடு தூரத்தில்தான் நின்றார்கள். கூப்பிட வாயைத் திறந்தேன், றுஷ்னா. அல்லாஹ் அறிய, திறந்தேன். அப்போதுதான் சொன்னான்:

"றுஷ்னாட வீட்டுக்குச் சொல்லுங்க, என்னய அங்க கொண்டு போகட்டும்."

வாயை மூடிக்கொண்டேன். அடுத்த அலை வந்து போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு சத்தம் போட்டேன், நன்றாகவே போட்டேன். எல்லாரும் ஓடி வந்தார்கள்.

நான் அவனைக் கைவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். காலை உயர்த்தி வைக்கத் தலையணைகூடத் தைத்து வைத்திருந்தேன். அவன்தான் கேட்கவில்லை. கடைசியில் அவன் மையித்து கரை ஒதுங்கியதுகூடக் கல்கிசையில்தான், உங்கள் வீட்டுப் பக்கம். அதற்கு மட்டும் அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை.