அண்ணன் கேட்கும் ஓட்டு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கெடார் கிராமத்துக்காரர் ஒருவர், தன்னை மாமா என்று கூப்பிட்ட பக்கத்து நிலத்துக்காரரிடம் சொன்னார்: "தம்பிய தொரத்தறதுக்கு அண்ணனே ஓட்டு கேக்கறான்பா."

"யாரு மாமா?"

"எம் பெரியவன்தான். அமெரிக்காவுல பிரசிடெண்ட் எலெக்‌ஷன் வருதில்ல. சிட்டிசன் ஆயிட்டான், மொத ஓட்டு. லீவு போட்டுட்டு அலைஞ்சிக்கினு இருக்கான். ஊட்டு வாசல்ல போர்டு வேற நட்டுட்டான்."

"எந்தக் கட்சிக்கு?"

"விசா இல்லாதவங்கள வெளிய அனுப்புவோம்னு சொல்ற கட்சிக்கு."

"சின்னவருக்கு விசா முடிஞ்சிட்ச்சின்னு சொன்னீங்களே!"

"முடிஞ்சி போச்சிதான். அண்ணன் ஊட்டுலதான் தங்கிக்கினு இருக்கான்."

"பெரியவர கேக்கலீங்களா?"

"கேட்டேன். 'நான் மொறையா காத்திருந்து வாங்கினேன்பா, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்'ன்றான். அவங்கம்மா அழுதா. போன வெச்சிட்டான்."

பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றது. கெடார்க்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சின்னவரு இன்னா சொல்றாரு மாமா?"

"அவன் இன்னா சொல்லுவான்? அண்ணன் பின்னாடியே ஊடு ஊடா போய் அந்தக் கட்சி நோட்டீஸ குடுத்துக்கினு இருக்கான். சோறு அங்கதான துன்னணும்."