பொத்தான் தைத்த சட்டை

“நான் ஊர்ல இல்லாதப்ப இங்க யாராவது வந்து போறாங்களா, பாப்பா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் என்னிடம் கேட்டார். பால்காரர் வந்தாரா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாயே திறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது சந்தைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடு. பழமையான ஊர் என்பதால் கூரை ஓடுகளை மாற்றக் கூடாது, எல்லாக் கதவுக்கும் ஒரே பச்சைதான் அடிக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுப்பார்கள். உள்ளே ரயில் பெட்டி மாதிரி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். மேலே பரணும் ஒன்றுதான். நடுவில் பலகைத் தடுப்பு. அதில் ஒரு பலகை ஆணி விட்டிருந்தது.

அவர் குடும்பம் பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அவர் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அதைக் கேட்டு அக்கா சிரிக்கவில்லை. லாண்டரியிலிருந்து வரும் சட்டைகளுக்கு அவள் பொத்தான் தைப்பாள். கண் சரியாகத் தெரியாததால் ஊசியில் நூல் கோப்பது என் வேலை. பிறகு சில சட்டைகளைத் தைக்கவும் கொடுத்தாள்.

“ஏண்டி ஊமைக்கோட்டான், பொத்தானுக்கு அடியில இத்தனை சுத்தா? சட்டை கிழிஞ்சாலும் இது கழலாது” என்பாள். அவள் மகள் என் காலடியில் காலி நூல்கண்டை உருட்டிக்கொண்டிருப்பாள்.

பிறகு, “அடுத்த மாசம் காலி பண்றோம்டி. அவருக்கு லிஃப்ட் மாட்டுற வேலையெல்லாம் இப்ப வெளியூர்லதான்” என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். வேலை அவருக்குத்தானே, அக்காவுக்கு இல்லையே என்று நான் யோசித்தேன். அவர் மட்டும் போனால் போதும். இதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

நான் அவசரப்படவில்லை. அம்மா சந்தைக்கு வேலைக்குப் போய்விடுவாள். அக்கா கடைக்குப் போகும் நேரம் பார்த்துப் பரண் வழியாக அவர்கள் வீட்டுக்குள் இறங்குவேன். அவர் ஊரிலிருந்து வரும் நாளாகப் பார்த்து, கழுவிய டம்ளரோடு இன்னொரு டம்ளரையும் நனைத்துக் கவிழ்த்து வைப்பேன். தெருவில் பொறுக்கிய சிகரெட் துண்டைக் கொல்லைப் படியில் போடுவேன். அவர் சிகரெட் பிடிக்காதவர். அவர் குரல் மாறி வருவது சுவர் வழியாகக் கேட்டது. அப்போதுதான் என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். பேசாத பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று நினைத்திருப்பார்.

கடைசியாக, தைக்க வந்த சட்டை ஒன்றை எடுத்து அவர்கள் பீரோவில், அக்காவின் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அதில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே வைக்க மனம் வரவில்லை. தைத்துவிட்டுத்தான் வைத்தேன்.

“தைக்க வந்த சட்டைங்க அது” என்று அக்கா சொன்னது கேட்டது.

“தைக்க வந்த சட்டைக்கு பீரோக்குள்ள என்ன வேலை?”

அவர் கத்தவில்லை. காலையில் மகளை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குழந்தையையும் கொண்டுபோவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஊசி இருக்கும் இடத்தில் குழந்தை தொந்தரவுதான். அக்கா அழுதது சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் நன்றாகத் தூங்கினேன்.

அந்த வீட்டில் தனியாக உட்கார முடியவில்லை என்று அக்கா தையல் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவை நல்ல நாட்கள். அவள் பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன்.

லாண்டரிக்குத் திருப்பிக் கொடுக்க அந்தச் சட்டையை மடித்தபோதுதான் அவள் கை நின்றது. பொத்தானைத் திருப்பி, அடியில் சுற்றியிருந்த நூலை விரலால் தடவினாள். அந்தச் சட்டையை அவள் என்னிடம் கொடுத்ததே இல்லை. நிமிர்ந்து எங்கள் பரணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

சட்டையை என் மடியில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். டப்பாவை எடுத்துப் போகவில்லை. எல்லா ஊசியிலும் நூல் கோத்து வைத்திருக்கிறேன். வந்தால் அவள் கண்ணுக்குச் சிரமம் இருக்காது.