தொட்டிச் சுவரில் ஒட்ட வேண்டியது

அக்கா: கையை விடுடா. இந்த மனுவோட நான் உள்ள போகணும்.

தம்பி: மெதுவாக்கா... கதவுக்கு அந்தப் பக்கம் நகராட்சிக் கூட்டம் நடக்குது. எல்லார் காதும் இங்கதான் இருக்கும்.

அக்கா: இருக்கட்டுமே! வாராவாரம் குழாய்த் தண்ணியைச் சோதிக்கணும், முடிவைத் தொட்டிச் சுவத்துல ஒட்டணும். ரெண்டே வரித் தீர்மானம். இதைக் கொண்டுவர ஒரு கவுன்சிலருக்கு வாய் வலிக்குதா?

தம்பி: ஒட்டினா, நம்ம தண்ணியே விஷம்னு ஜனங்க...

அக்கா: அந்த விஷத்தைத்தான் குடிச்சுக்கிட்டிருக்காங்க! எங்க ஆஸ்பத்திரிக்கு வந்து பாரு. ஒரே தெருவுல பத்தொன்பது பேருக்கு மஞ்சக்காமாலை.

தம்பி: நர்ஸம்மா ஊசி போட்டாப் போதாதா? என் வேலையையும் நீயே பாக்கணுமா?

அக்கா: நீ பாத்திருந்தா நான் ஏன்டா வர்றேன்? சாக்கடைக்குள்ளயே குழாய் ஓடுது. உன் கண்ணு என்ன பொட்டையா?

தம்பி: புதுக் குழாய்க்கு எழுதிப் போட்டிருக்கோம்ல...

அக்கா: போட்டு?

தம்பி: ...வரும்.

அக்கா: எது வரும்? தெருக்கோடி தையக்காரி நேத்து செத்துட்டா. வயித்துல ஏழு மாசம்.

தம்பி: ...எந்தத் தையக்காரி?

அக்கா: உன் தேர்தல் கொடியெல்லாம் தைச்சுக் குடுத்தவ.

தம்பி: ஐயோ... எனக்கு யாருமே சொல்லலியே.

அக்கா: அது இருக்கட்டும். உன் வீட்டுல எப்ப இருந்து கேன் தண்ணி?

தம்பி: அது... உப்புத் தண்ணி என் வீட்டுக்காரிக்கு ஒத்துக்கல.

அக்கா: அவளே சொல்லிட்டாடா! தேர்தலுக்கு முந்தின வாரமே சோதனை முடிவு வந்துச்சாம். குழாயைத் தொடாதேன்னு அவகிட்ட மட்டும் சொன்னியாம். உன் பிள்ளைங்களுக்குக் கேனு, ஊரான் பிள்ளைக்குச் சாக்கடையா?

தம்பி: தலைவர் அதை வெளியில விடக்கூடாதுன்னாரு. நான் என்ன பண்றது?

அக்கா: தூ!

தம்பி: துப்பு, நல்லா துப்பு. நாளைக்கு விசாரணைன்னு வந்தா உன் பதிவேட்டையும் எடுப்பாங்க. முதல்ல வந்த ஆறு பேருக்கும் மஞ்சக்காமாலைன்னு போடாம, வெறும் காய்ச்சல்னு எழுதினது யாரு?

அக்கா: யாருக்காகடா எழுதினேன்?

தம்பி: தம்பி ஜெயிக்கணுமேன்னு எழுதினே. நான் மறக்கல. உனக்கு வேலை போயிடும்க்கா... அதுக்குத்தான் தடுக்கிறேன்.

பணியாளர்: கவுன்சிலர் சார், உங்க வார்டு வந்திருச்சு. தலைவர் கூப்பிடறாரு.

தம்பி: இதோ வர்றேன்... அக்கா, மனுவை மடிச்சுப் பையில வையி. வீட்டுக்குப் போ.

அக்கா: அதுல முதல் வரியே அதுதான்டா. ஆறு பேரை மறைச்சு எழுதினது நான்னு என் பேரைப் போட்டிருக்கேன். அன்னைக்கே உள்ளதை எழுதியிருந்தா, அந்தப் பொண்ணு தண்ணியைக் கொதிக்கவெச்சாவது குடிச்சிருப்பா. எழுதச் சொன்னது நீன்னு ரெண்டாவது வரியில இருக்கு. காலையிலேயே எல்லா கவுன்சிலர் மேசையிலயும் நகல் வெச்சாச்சு... இப்ப உள்ள போய் நீ படிக்கிறியா, நான் படிக்கட்டுமா?